கிளை விழுந்த மொறிஸ் மைனர்: வெளியே நிற்கும் பழைய காரைப் புயலுக்குப் பின் காப்பாற்றும் வழி

2022 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. யூனிஸ் புயலுக்காக லண்டனுக்கும் தென்கிழக்கு இங்கிலாந்துக்கும் பிரித்தானிய வானிலை அலுவலகம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. ஓ2 அரங்கின் கூரைத்துணி கிழிந்து படபடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் ஏதோ முறிந்து விழும் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற என்னுடைய 1967 மொறிஸ் மைனரின் கூரைக்குக் குறுக்கே, தெருமரத்தின் கிளையொன்று கிடந்தது.

மைனர் எங்கள் தமிழ் ஆட்களுக்கு வெறும் கார் அல்ல. 1990களில், இலங்கையின் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடியவை இந்த மொறிஸ், ஒஸ்ரின் கார்கள்தான். தமிழ்நாட்டில் ஓடிய அம்பாசடரும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழி வந்ததுதான். அதனால் அந்தக் கிளையைக் கண்டவுடன் ஓடிப்போய் இழுத்தெறியத்தான் மனம் சொன்னது.

அந்த அவசரம்தான் ஆபத்து. கிளை போட்ட பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தலாம். ஈரக் காரை ஸ்டார்ட் பண்ணுவதும், உலராத கம்பளத்தை அப்படியே விடுவதும், காப்புறுதிக்காரர் முதலில் நீட்டும் காசோலைக்குத் தலையாட்டுவதும் ஏற்படுத்தும் இழப்பைச் சரிசெய்வதுதான் கடினம். ஆகவே, செய்யவேண்டியவற்றை ஒழுங்கு மாறாமல் சொல்கிறேன்.

1. காற்று அடங்கும்வரை வீட்டுக்குள் நில்லுங்கள்

முறிந்த கிளைக்கு மேலே இன்னொரு கிளை பாதி முறிந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். எச்சரிக்கை நேரம் முடியுமுன் காருக்குக் கிட்டப் போகாதீர்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்தடை எண் 105ஐ அழையுங்கள். கூரையை அழுத்திக்கொண்டிருக்கும் பெரிய கிளையை நீங்களே வெட்டவேண்டாம். பாரம் விலகும்போது அது துள்ளி அடிக்கும். கவுன்சிலின் அவசர எண்ணுக்குச் சொன்னால் மரம் வெட்டுபவர்களை அனுப்புவார்கள். சிறிய கிளையென்றால் இருவராகத் தூக்கி எடுங்கள். இழுத்தால் பெயின்ற் முழுக்கக் கீறும்.

2. எதையும் அசைக்குமுன் படம் எடுங்கள்

முதலில் தூர நின்று தெரு, மரம், கார், வீட்டு இலக்கம் எல்லாம் தெரிய எடுங்கள். பிறகு நான்கு பக்கமும், கூரை, கண்ணாடி, உட்பக்கம், கிலோமீற்றர் அல்லது மைல் காட்டும் மானி. கடைசியாக, பலரும் மறப்பது: கிளை முறிந்த இடம். மரத்திலும் கிளையிலும் முறிவு முகத்தைக் கிட்டவாக எடுங்கள். உள்ளே கறுத்து உக்கிப்போயிருந்தால், அந்த ஒரு படம் பின்னால் பெரிய சாட்சி. கவுன்சில்காரர் கிளையை அரைத்து ஏற்றிக்கொண்டு போனபின் அது கிடைக்காது.

3. சாவியைத் தொடாதீர்கள், பற்றரியைக் கழற்றுங்கள்

உடைந்த கண்ணாடியால் மழை உள்ளே போயிருந்தால், ஐம்பது வருடப் பழைய வயரில் மின்சாரம் ஓடுவது தீயை அழைப்பதற்குச் சமம். பற்றரியில் எந்த முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறதோ அதை முதலில் கழற்றுங்கள். இன்றைய கார்களில் அது மைனஸ். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பிளஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பழக்கத்தில் கைவைக்காமல் கேபிள் எங்கே போகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

வெள்ளம் ஏறியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2021 யூலை 12லும் 25லும் லண்டன் தெருக்களில் சில மணி நேரத்திலேயே வெள்ளம் நின்றதை மறக்கமாட்டோம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் கொனெக்டிங் றொட் வளையும். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றி, மைனருக்கு முன்னால் செருகும் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றி, தண்ணீரை வெளியேற்றிய பின்தான் மற்ற யோசனை. மைனரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. வெள்ளம் அதுவரை வந்திருந்தால் பிறேக் எண்ணெயையும் மாற்றத்தான் வேண்டும்.

4. ஈரத்தை விரட்டுங்கள்

பின்கண்ணாடி உடைந்திருந்தால் சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்திருக்கும். கையுறை போட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இருக்கைத் துணியைத் தேய்க்காதீர்கள். கண்ணாடி இருந்த இடத்தைத் தடித்த பொலித்தீனால் மூடுங்கள். பழைய பெயின்றில் பார்சல் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்றும் கூடவே வரும். பெயின்ரர்கள் பாவிக்கும் மெல்லிய டேப்பே போதும்.

நான் பிழைவிட்டது ஈரத்தை உலர்த்துவதில்தான். கம்பளத்தின் மேற்புறம் மூன்றாம் நாள் காய்ந்துவிட்டது, அத்தோடு விட்டுவிட்டேன். பத்தாம் நாள் ஒரு புளிச்ச வாடை. கம்பளத்தைத் தூக்கினால், அதன் கீழிருந்த தடித்த ஃபெல்ற் தண்ணீர் குடித்த பஞ்சுபோல இருந்தது. விரலால் அழுத்த, பழுப்பு நீர் வழிந்தது. தகட்டில் செம்மஞ்சள் நிறத்தில் துரு பூத்திருந்தது. ஆகவே முதல் நாளே இருக்கை, கம்பளம், ஃபெல்ற் மூன்றையும் வெளியே எடுங்கள். கதவுகளின் அடியிலுள்ள சிறு துளைகளை இலை அடைத்திருக்கும். ஈர்க்கால் குத்தி விடுங்கள். கார் கராஜுக்குள் வந்ததும் ஈரமகற்றி ஒன்றை இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள்.

மரச் சட்டமுள்ள ட்ரவலர் என்றால் ஹீட்டர் வைத்து அவசரமாகக் காய்ச்சாதீர்கள்; மரம் வெடிக்கும். அந்த ஆஷ் மரம் அலங்காரமல்ல, பின்பாதி உடலைத் தாங்குவதே அதுதான். பொருத்துகள் விரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பெயின்றில் ஒட்டிய இலை, மண், மரப்பால் எதையும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தகரம் வெளித்தெரியும் கீறல்களில் வசிலின் தடவினால் வேலை தொடங்கும்வரை துரு பிடிக்காது.

5. காப்புறுதிக்காரரிடம் பேசுமுன் பத்திரத்தை வாசியுங்கள்

மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு மட்டும் உள்ள பத்திரம் புயலுக்கு உதவாது. முழுக் காப்புறுதி வேண்டும். அடுத்து, அதில் ‘ஒப்புக்கொண்ட பெறுமதி’ எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கார் முற்றாகப் போனதென்று முடிவானால் அந்தத் தொகைதான் அடிப்படை. இல்லையென்றால் சந்தை விலை என்று அவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை மறுக்க, உங்கள் காரின் உரிமையாளர் சங்கத்திடம் எழுத்து மூல மதிப்பீடு வாங்கலாம்.

பேசும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். திருத்துபவரை நானே தெரிவு செய்யலாமா? கார் எங்கே கொண்டுபோகப்படும், அங்கே கூரை இருக்கிறதா? முற்றாகப் போனதென்றால் காரை நான் வைத்துக்கொள்ளலாமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தார்ப்பாய், பொலித்தீன், லொறிக் கூலி எல்லாவற்றின் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள்.

6. ‘ரைட் ஓஃப்’ என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள்

பழைய காரின் கூரையைக் கையால் தட்டி நிமிர்த்தும் கூலி அதிகம். அதனால் திருத்தக்கூடிய காரும் கணக்கில் ‘முற்றாகப் போனது’ ஆகிவிடும். வகையைக் கேளுங்கள். ஏ, பி இரண்டும் திரும்பத் தெருவுக்கு வரமுடியாதவை. எஸ் என்றால் உடற்கட்டமைப்பில் சேதம், என் என்றால் கட்டமைப்பில் சேதமில்லை. இவை இரண்டையும் திருத்தி ஓட்டலாம். எஸ் வகைக் காரை நீங்களே வைத்துக்கொண்டால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயிடம் பதிவுப் புத்தகத்தைப் புதிதாக எடுக்கவேண்டும்.

முடிவு நியாயமில்லையென்றால் எழுத்தில் முறையிடுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம். அதற்குள் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ பினான்சியல் ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். கட்டணமில்லை, ஆனால் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும்.

7. மரம் யாருடையது?

தெருமரம் பொதுவாக உங்கள் பரோ கவுன்சிலுடையது. சிவப்புக் கோட்டுப் பெருந்தெருக்களில் லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல்லுடையது. மரம் விழுந்தது என்பதாலேயே அவர்கள் இழப்பீடு தரவேண்டியதில்லை. மரம் பழுதென்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்கவேண்டிய நிலையிலும், கவனிக்காமல் விட்டார்கள் என்று நீங்கள் காட்டவேண்டும். தகவல் அறியும் சட்டத்தின்படி அந்த மரத்தைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். 20 வேலைநாட்களுக்குள் பதில் தரவேண்டும். நீங்கள் எடுத்த முறிவுப் படம் இங்கேதான் உதவும். பக்கத்து வீட்டு மரம் என்றாலும், கவனிக்காமல் விட்டார்கள் என்று நீங்கள்தான் காட்டவேண்டும்.

8. தெருவில் விடுவதா, உள்ளே எடுப்பதா?

நாற்பது வருடம் தாண்டிய காருக்கு வீதி வரியும் இல்லை, லண்டனின் யூலெஸ் மாசுக் கட்டணமும் இல்லை. ஆனாலும் வரிப் பதிவை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். திருத்த மாதக்கணக்கு ஆகுமென்று ‘சோர்ன்’ (கார் தெருவில் ஓடாது என்ற அறிவிப்பு) போட்டால், அன்றிலிருந்து கார் பொதுத்தெருவில் நிற்கக்கூடாது. முதலில் இடம் பாருங்கள், பிறகு பதிவு செய்யுங்கள். காரைக் கட்டி இழுக்காமல் தட்டு லொறியில் ஏற்றுங்கள்.

9. திருத்துபவரைத் தெரிவு செய்யுங்கள்

மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே கட்டமைப்பு. கூரை அமுங்கினால் தூண்களும் நகர்ந்திருக்கலாம். நான்கு மூலையிலும் கதவு இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால், பள்ளத்தை மட்டும் நிமிர்த்திப் பயனில்லை.

ஊரில் எங்கள் கராஜில் தகரம் தட்டிய ஐயா, பள்ளத்தைப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவார். “கண் ஏமாத்தும் தம்பி, கை ஏமாத்தாது” என்பார். லண்டனில் நான் மூன்று இடம் ஏறி இறங்கினேன். இரண்டு இடத்தில் தூர நின்று பார்த்து, புட்டி போட்டு மூடலாம் என்றார்கள். மூன்றாமவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கூரையைத் தடவினார். காரை அவரிடம் விட்டேன்.

வேலை முடிந்ததும் எம்ஓடி என்ற வருடாந்தப் பாதுகாப்புச் சோதனையை எடுங்கள். 2018 மேயிலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வருடக் கார்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்ட் வரை தண்டமும் மூன்று புள்ளியும் உண்டு. அதைவிட, உங்கள் பிள்ளைகள் அந்தக் காரில்தான் ஏறப்போகிறார்கள்.

10. அடுத்த புயலுக்கு இன்றே

1987 ஒக்டோபரில் வந்த பெரும்புயலில் தென்இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. மரங்களில் இலை உதிராமல் இருந்ததும், தொடர்மழையில் நிலம் ஊறியிருந்ததும் அதற்குக் காரணங்கள். ஆகவே இலை உதிராத இலையுதிர்காலத்தில், மழை வாரத்துக்குப் பிறகு வரும் காற்றுக்குத்தான் அதிகம் கவனம் வேண்டும். மஞ்சளுக்குமேல் எச்சரிக்கை வந்தால் மரம், சாரம், பழைய வேலி இவற்றிலிருந்து காரை எடுத்து, ஓர் இரவுக்குப் பலமாடித் தரிப்பிடத்தில் விடுங்கள். தளர்ந்த உறையைக் கழற்றுங்கள். காற்றில் அடித்து அது பெயின்றை உரசும். உக்கிய கிளை கண்ணில் பட்டால் கவுன்சிலுக்கோ அயலவருக்கோ இன்றே எழுதி, பிரதியை வைத்திருங்கள்.

என் மைனர் ஏழு மாதத்துக்குப் பின் வீடு வந்தது. வந்த அன்றே அதைச் சுற்றி நடந்து இருபது படம் எடுத்து, மதிப்பீட்டுக் கடிதத்தோடு ஒரு கோப்பில் வைத்தேன். பிறகு கூரையில் கிளை விழுந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.