4 டன்னா, 5 டன்னா? கம்பிக் கணக்கை லோனுக்கு முன்னாடியே போடுங்க

நூம்பல், வேலப்பன்சாவடி பக்கம் அரை கிரவுண்ட் மனை வாங்கியாச்சு. அடுத்து ஹவுசிங் லோன் போட்டு 1,000 சதுர அடியில வீடு. இதுதான் உங்க பிளான்னா, எஸ்டிமேட்ல கம்பிக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. பல எஸ்டிமேட்ல ஒரே வரிதான் இருக்கும்: சதுர அடிக்கு 4 கிலோ, மொத்தம் 4 டன்.

கிலோ 60 ரூபாய்னு வச்சுக்குவோம். (ரேட் மாறிக்கிட்டே இருக்கும், அன்னிக்கு விசாரிச்சுப் போட்டுக்கோங்க.) 2,40,000 ரூபாய் ஆச்சு. கடைக்காரர் போன்ல சொன்னது வரி சேர்க்காத ரேட்டா? அப்போ 18% ஜிஎஸ்டி சேர்ந்து பில் 2,83,200 வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை அந்த 4 கிலோவிலேயே இருக்கு. பின்னாடி ரெண்டு மாடி எடுக்கணும்னு இன்ஜினியர்கிட்ட சொல்லியிருப்பீங்க. அஸ்திவாரமும் காலமும் அந்த பாரத்துக்குத்தான் டிசைன் ஆகும், கம்பி இப்பவே இறங்கும். சதுர அடிக் கணக்கோ கீழ்த்தளத்தை மட்டும்தான் பெருக்குது. போதாததுக்கு, 2002-ல சென்னையை நிலநடுக்க மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாத்தினாங்க. அதுக்கேத்தபடி டிசைன் பண்ணா காலமும் பீமும் சேர்ற இடத்துல ரிங் நெருக்கமா வரும். எல்லாம் சேர்ந்து 5 டன் ஆனா பில் 3,54,000. நீங்க நினைச்சதைவிட 1,14,000 கூட.

இந்தத் தொகை எஸ்டிமேட்லயே இருந்து ஹவுசிங் லோன்ல வந்திருந்தா, 8.5%, 20 வருஷக் கணக்குல மாசம் சுமார் 990 ரூபாய். பாதிக் கட்டடத்துல நின்னுக்கிட்டு பர்சனல் லோன் எடுத்தா, 14%, 3 வருஷத்துக்கு மாசம் சுமார் 3,900. மொத்த வட்டி ஹவுசிங் லோன்லதான் அதிகம் போகும், மறுக்கல. ஆனா வாடகையும் கட்டிக்கிட்டு இருக்கற அந்த வருஷத்துல இடிக்கறது மாச பட்ஜெட்தான்.

அதனால ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வந்ததும் இன்ஜினியர்கிட்ட 'பார் பெண்டிங் ஷெட்யூல்' கேளுங்க. எந்த சைஸ் கம்பி, எவ்வளவு நீளம், எத்தனை எண்ணிக்கைன்னு அதுல தனித்தனியா இருக்கும். எடையை நீங்களே சரிபார்க்கலாம்: விட்டத்தை (எம்எம்ல) அதே எண்ணால பெருக்கி 162-ஆல வகுத்தா, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 8 எம்எம் 0.395, 12 எம்எம் 0.89, 16 எம்எம் 1.58.

முதல்ல 'லேப்' சேர்த்திருக்கான்னு பாருங்க. கம்பியை நீட்ட ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திக் கட்டுற நீளம் அது. டிராயிங்ல 50 மடங்குன்னு போட்டிருந்தா, 16 எம்எம்முக்கு 80 செ.மீ. 12 காலம், ஒவ்வொண்ணுலயும் 6 கம்பின்னா ஒரு தளத்துக்கே 91 கிலோ, வரியோட சுமார் 6,400 ரூபாய்.

லோடு வரும்போது எடை மேடைச் சீட்டு மட்டும் போதாது. 10 எம்எம் வரைக்கும் எடை 7% கூடவோ குறையவோ ஐஎஸ் 1786 அனுமதிக்குது. 1 டன் 8 எம்எம்ல 12 மீட்டர் கம்பி 211 வரணும். கம்பி 5% கனமா இருந்தா 201 தான் வரும். எடை சரி, சீட்டும் சரி, ஆனா ஸ்லாப்புக்கு 10 கம்பி பத்தாது. இறக்கும்போதே எண்ணி எழுதிக்கிட்டு, குறையறதை அடுத்த லோடுல சேர்த்துச் சொல்லிடுங்க.