கையெழுத்துக்கு மேலே உள்ள வரிகள்

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ‘அதிகாரத்தில் பெண்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், கமலா ஹாரிஸைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பேசு. துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்துப் பெண்ணின் மகள் 2021இல் அமெரிக்காவின் துணை அதிபரானது பெரிய விஷயம்தான். ஆனால் அவரோடு நிறுத்திவிடாதே. நம் வ. புதுப்பட்டி பேரூராட்சியையும் சேர்த்துப் பேசு.

1992இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை 73, 74ஆவது முறையாகத் திருத்தி, உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம் வைத்தது. பட்டியல் சாதியினருக்கான இடங்களிலும் அதே பங்கு பெண்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் அதன்படி 1996இல் தேர்தல் நடந்தது. 2016இல் பங்கு பாதியாக உயர்ந்தது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு நகராட்சிகளுக்கும் பெண்களே தலைவர்களானார்கள். அதே தேர்தலில்தான் 28 வயது ஆர். பிரியா சென்னை மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியும் 2016இல் சந்திரபிரபாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

இதெல்லாம் இடம் கிடைத்த கதை. சொல்லுக்கு மதிப்பு கிடைத்ததா என்பது வேறு கேள்வி. உன் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

நான் ஊராட்சி வேலையில் இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். தீர்மானப் புத்தகம் தலைவரம்மா வீட்டுக்கே போகும். வீட்டுக்காரர்தான் புரட்டிப் பார்ப்பார். எந்த இடத்தில் கையெழுத்து என்று பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். அந்த அம்மா அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துவிட்டு, அந்தக் குறியின் மேல் பெயரை எழுதிவிட்டுத் திரும்பிப் போவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார். ஒரே ஒரு தலைவரம்மா மட்டும், மூன்றாம் வகுப்போடு நின்றவர், “மேல எழுதியிருக்கிறத சத்தமா வாசிங்க, கேட்டுட்டுப் போடுறேன்” என்றார். வாசித்தோம். குழாய் நீட்டிக்கும் தெருக்களின் பட்டியலில் அவருடைய காலனி இல்லை. அதைச் சேர்த்து எழுதிய பிறகுதான் பேனாவைத் தொட்டார். எனக்குத் தெரிந்து அரசியல் அதிகாரம் என்பது அதுதான்.

இப்படிக் கேட்பதற்கு விலையும் உண்டு, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்துப் பெண், 2011இல் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்திருந்த படத்தை நாடே பார்த்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

சத்தியவாணி முத்துவைப் பற்றி நூலகத்தில் தேடிப் படி. 1967இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண். தாழ்த்தப்பட்டோர் நலன் புறக்கணிக்கப்படுகிறது என்று சொல்லி 1974இல் தி.மு.க.விலிருந்து விலகித் தனிக்கட்சி கண்டார். 1979இல் மத்திய அமைச்சரும் ஆனார். அமெரிக்காவிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஷெர்லி சிஷோம். அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர். நியூயார்க் நகரத்துக்காரரை 1969இல் வேளாண்மைக் குழுவில் போட்டார்கள். என் தொகுதி மக்களுக்கு இதனால் என்ன பயன் என்று அவையிலேயே எதிர்த்துக் கேட்டு, வேறு குழுவுக்கு மாறினார். புதிதாக வந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கேயும் எழுதாத வழக்கம்தான்.

பெண் வந்தால் என்ன மாறிவிடப்போகிறது என்று நடுவர் கேட்டால், ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வைச் சொல். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளில் பார்த்தார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாக வேலை நடந்திருந்தது. ராஜஸ்தானில் பெண்கள் அதிகம் முறையிட்டது தண்ணீருக்காக, ஆண்கள் சாலைக்காக. பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில் தண்ணீர் வேலை கூடி, சாலை வேலை குறைந்திருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டிக்கு முன்னால் ஒரு வேலை செய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நம் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கடந்த ஓராண்டில் குடிநீர் சம்பந்தமாக மன்றம் போட்ட தீர்மானங்களின் நகல் வேண்டும் என்று கேள். தெருப் பெயரையும் தொகையையும் விடாதே. 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. நகல் கைக்கு வந்ததும் உங்கள் வார்டு கவுன்சிலர் அக்காவிடம் கொண்டுபோய், இருவருமாக உட்கார்ந்து வரி வரியாக வாசியுங்கள். புரியாத வரிகளை எனக்கு எழுது, நான் விளக்குகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை