எஞ்சினைத் தாங்கும் றப்பர்: மலைப்பாதைக் கெப் வண்டிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் எஞ்சின், பிறேக்கு, சில்லு ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு சாரதியும் தமக்கென ஒரு கருத்துடையவர். ஆனால் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் சசியின் மீது ஏந்தி நிற்கும் மூன்று அல்லது நான்கு றப்பர்க் கட்டிகளை, அவை கிழிந்து போகும்வரை, எவரும் நினைப்பதில்லை. கராஜ்களில் இவற்றை ‘மவுண்டிங்’ என்பர். இக்கட்டுரையில் தாங்கி என்றே வழங்குவோம்.

எம் கல்லூரியின் பழைய மாணவர்களுள் கெப் வண்டி வைத்திருப்போர் பலர். தோட்டங்களில் உத்தியோகம் பார்ப்போரும், மரக்கறி ஏற்றுவோரும், விடுமுறையில் மலை காணச் செல்வோரும் அவருள் அடங்குவர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெரு கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடக்கின்றது. குருநாகல் வழியே புத்தளம் செல்லும் தெருவும் இங்கேதான் தொடங்குகின்றது. கிழக்கே தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, லூல்வத்தை வழியாகக் கோர்பெட் கணவாயை அடைந்து மீமுரேக்கு இறங்கும் வழியோ, வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் சோதிக்கும் இயல்பினது. இத்தகைய வழிகளிற் செல்வோர், கிழிந்த தாங்கியைக் கழற்றியபின், “இதைவிட உறுதியான ஒன்று வேண்டும்” எனக் கேட்பது இயற்கை. அவர் உறுதி என்று கேட்க, கடையிற் கிடைப்பது பெரும்பாலும் விறைப்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதையே ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

முதலில், எஞ்சினை ஏன் றப்பர் மீது இருத்தல் வேண்டும்? ஆதியில் அவ்வாறு இருத்தினாரல்லர். இரும்புச் சட்டத்தோடு நேரே போல்ட்டுப் பூட்டினர். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்றிரண்டும் இறங்குவதால் எல்லாம் சமனாகும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. பிஸ்டனைக் கிராங்குத் தண்டோடு இணைக்கும் கோலின் சாய்வினால், பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேற்பாதியில் விரைந்தும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் செல்கின்றது. இவ்வேறுபாடு நான்கு பிஸ்டன்களிலும் ஒருங்கு கூடித் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை எஞ்சினை மேலும் கீழுமாக உலுக்கும். எரிபொருள் வெடிக்கும் அடியும் சுற்றுக்கு இருமுறையே. ஓய்வோட்டத்தில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், செக்கனுக்கு 25 அடி. டீசல் எஞ்சினில் இவ்வடி பெற்றோல் எஞ்சினைவிடக் கடியது.

இதனை வெற்றிகரமாக அடக்கியோர் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனத்தார். 1931ஆம் ஆண்டு தமது பிளிமத் காரில் ‘புளோட்டிங் பவர்’ என்னும் பெயருடன் அவர்கள் ஒரு முறையைப் புகுத்தினர். எஞ்சினின் முன்புறத்தில் உயரமாக ஒரு றப்பர்த் தாங்கி, பின்புறத்தில் கியர்ப்பெட்டியின் கீழ்த் தாழ்வாக ஒன்று. இரண்டையும் இணைக்கும் கோடு எஞ்சினின் ஈர்ப்பு மையத்தூடாகச் செல்லுமாறு அமைத்தனர். எஞ்சின் அக்கோட்டைப் பற்றித் தாராளமாக ஆடும். ஆட்டம் எல்லை மீறாதவாறு பக்கத்தில் ஒரு வில்லுக் கை தடுக்கும். பிரான்சிய சித்ரோஎன் நிறுவனமும் அடுத்த ஆண்டே உரிமை பெற்று இதனைத் தன் கார்களில் அமைத்தது. தாராளமாக ஆடவிடு, எல்லையில் தடு என்னும் இவ்விரு கூறுகளையும் வாசகர் நினைவில் இருத்துவாராக.

கண்டி மக்களுக்குப் பழக்கமான ஒரு சான்றும் உண்டு. 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது நேச நாட்டுப் படைகளின் ஊர்தியாயிருந்தது வில்லிஸ் ஜீப். அதன் எஞ்சினும் றப்பர் மீதே அமர்ந்தது. ஆயினும் எஞ்சினுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பிவடமும் கட்டப்பட்டிருந்தது. திடீரென வண்டி நிற்கும்போது எஞ்சின் முன்னே பாயாமல் இழுத்துப் பிடிப்பதே அவ்வடத்தின் பணி. போர்க்களத்துக்கென வண்டி சமைத்தவரும் றப்பரை விறைப்பாக்கவில்லை. வடம் ஒன்று சேர்த்தனர் என்பது கவனிக்கத் தக்கது.

றப்பரின் இயல்பையும் சிறிது கூறல் வேண்டும். அது எம் நாட்டுப் பொருளும் அன்றோ? பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற வித்துக்களின் நாற்றுக்கள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராக அக்காலத்திலிருந்த துவெயிற்ஸ் என்பார் அவற்றைக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடுவித்தார். செயற்கை றப்பர்கள் பல வந்தபின்னும், எஞ்சின் தாங்கிக்கு இயற்கை றப்பரே இன்றும் பெரிதும் விரும்பப்படுகின்றது. இழுக்குந்தோறும் அதன் மூலக்கூறுகள் ஒழுங்குற அணிவகுத்துப் பளிங்குத் தன்மை அடைவதால், தோன்றிய வெடிப்பு எளிதிற் பரவாது. இலட்சக் கணக்கான தடவை நெளிந்தும் சோராது. ஆனால் இரண்டு பகை அதற்கு உண்டு: எண்ணெயும் வெப்பமும். டீசலோ எஞ்சின் எண்ணெயோ கசிந்து மேலே படியுமாயின், இயற்கை றப்பர் பஞ்சுபோல் ஊதித் தன் வலுவை இழக்கும். ஆதலின் கிழிந்த தாங்கி ஒன்றைக் கண்டவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதைப் போடுவது என்பதன்று; இது ஏன் கிழிந்தது என்பதே. மேலே ஒழுகும் மூடிக்குப் புதிய ‘பாக்கிங்’ போடாது தாங்கியை மட்டும் மாற்றுவோர், அடுத்த ஆண்டும் அதே பணத்தைச் செலவிடுவர்.

இனி விறைப்பைப் பற்றி. உயர்தர வகுப்பில் எளிமை இசையியக்கம் பயிலும் மாணவர்க்கு இப்பகுதி நல்ல பயிற்சியாகும். எஞ்சினின் பாரத்தால் தாங்கி 3 மில்லிமீற்றர் அமுங்குகின்றது எனக் கொள்வோம். கணித்தால் அத்தொகுதியின் இயற்கை மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 9 என வரும். எஞ்சினின் அடியோ 25. அடியின் மீடிறன் இயற்கை மீடிறனைப் போல் 1.41 மடங்கைத் தாண்டினால்தான் தாங்கி அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். இங்கே விகிதம் 2.8 ஆதலின், தணிப்பைக் கருதாது விட்டால், அதிர்வு விசையில் ஏழிலொரு பங்கே சசிக்குச் செல்லும். இப்போது ‘உறுதியான’ பொலியூரிதேன் தாங்கி ஒன்றைப் பூட்டி, விறைப்பை நான்கு மடங்காக்குவோம். மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் அது இரு மடங்காகி 18 ஆகும். விகிதம் 1.4க்கும் சற்றுக் கீழே வீழ்கின்றது. அதிர்வு முழுவதும் சசிக்குச் செல்வதோடு, சிறிது பெருகியும் செல்லும். போல்ட்டால் நேரே பூட்டிய பழைய வண்டியைவிட இது கீழான நிலை என்க. தலைவலி சாரதிக்கு மட்டுமன்று. றேடியேற்றரின் ஒட்டுக்கள், மின்கம்பிகளின் முனைகள், தாங்கியை ஏந்தும் இரும்புக் கையின் வெல்டிங் ஆகியன ஒவ்வொன்றாக வெடிக்கும். பந்தயக் காருக்கு இது பொருந்தலாம். அதன் எஞ்சின் ஓய்வோட்டத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. சந்தைக்கு முன்னே எஞ்சினை நிறுத்தாது அரை மணி காத்திருக்கும் வண்டிக்குப் பொருந்தாது.

அவ்வாறாயின் மலைப்பாதை தாங்கியை ஏன் கிழிக்கின்றது? இதற்கு விடை பாரத்தில் அன்று, முறுக்கத்தில் உள்ளது. 1990களின் ஹைலக்ஸ் டீசல் கெப் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2.8 லீற்றர் எஞ்சினின் உச்ச முறுக்கம் ஏறத்தாழ 190 நியூற்றன் மீற்றர். முதற் கியர் அதனைச் சுமார் நான்கு மடங்காக்கும். நாற்சில்லு ஓட்டத்தின் தாழ்நிலை அதனை மேலும் இரு மடங்குக்கு மேலாக்கும். ஆகவே புறொப்பெல்லர் தண்டில் வெளிவருவது 1,500 நியூற்றன் மீற்றருக்குக் குறையாது. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு முறுக்கம் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் எதிர்ப்புறமாகப் புரட்ட முயலும். முன்தாங்கிகள் இரண்டும் அரை மீற்றர் இடைவெளியில் இருப்பின், ஒன்று ஏறத்தாழ 300 கிலோகிராம் பாரத்துக்கு இணையான விசையால் மேலே இழுபட, மற்றது அதே விசையால் கீழே அழுந்தும். பின்தாங்கி ஒரு பகுதியை ஏற்கும் என்பது உண்மையே. ஆயினும் ஓய்வில் ஒவ்வொரு முன்தாங்கியும் சுமப்பது சுமார் 100 கிலோகிராம். அதனை இவ்விசையோடு ஒப்பிட்டு நோக்குக. பாரம் தாங்கவென்று அமைந்த றப்பர், பாரத்தைப்போல் இரு மடங்கு விசையால் மேல்நோக்கிப் பிய்க்கப்படுகின்றது. றப்பர் அழுத்தத்தைப் பொறுக்கும். இரும்புத் தகட்டோடு ஒட்டிய இடத்தில் இழுவையைப் பொறாது. முன்னோக்கிச் செல்லும்போது இழுபடுவது, வழக்கமான சுழற்சியுடைய எஞ்சினில், சாரதி ஆசனத்திலிருந்து நோக்க இடப்புறத் தாங்கியாகும். கழற்றப்படும் தாங்கிகளுள் இடப்புறத்தது பெரும்பாலும் முந்திக் கிழிந்திருப்பதன் காரணம் இதுவே. சேற்றுக் குழியிலிருந்து பின்கியரில் அடிக்கடி வெளியேறும் வண்டியில் வலப்புறமும் கிழியும்.

கிழிந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1971 டிசம்பரில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் செவ்ரலே வண்டிகளுள் ஏறத்தாழ 67 இலட்சத்தைத் திருத்தத்துக்காக மீள அழைத்தது. தாங்கி கிழிந்தவுடன் எஞ்சின் ஒருபுறம் மேலெழும், எழும்போது அக்சிலறேற்றர் இணைப்பை இழுத்துத் திறக்கும், வேகம் கூடும், முறுக்கம் கூட எஞ்சின் இன்னும் மேலெழும். சாரதி காலை எடுத்தபின்னும் வண்டி பாயும். கோர்பெட் கணவாய்க்கு ஏறும் ஒடுங்கிய வளைவொன்றில், ஒரு புறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கையில், இது நேர்வதை எண்ணிப் பாருங்கள். அந்நிறுவனம் செய்த பரிகாரம் யாது? விறைப்பான புதிய தாங்கியன்று. எஞ்சின் குறித்த அளவுக்கு மேல் எழாதவாறு தடுக்கும் ஒரு வடமே பூட்டப்பட்டது. வில்லிஸ் ஜீப்பின் பழைய வடத்தை இங்கு நினைவுகூர்க.

ஆகவே மலைப்பாதைக்கு ஏற்ற திருத்தம் இவ்வாறு அமைதல் நன்று. றப்பர் தொழிற்சாலை அமைத்த மென்மையினதாகவோ அதனினும் சிறிதே கடினமானதாகவோ இருக்கட்டும். ஆனால் தாங்கியின் மேல் இரும்பும் கீழ் இரும்பும் ஒன்றையொன்று கொளுவிப் பிடிக்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். றப்பர் முற்றும் கிழிந்தாலும் இரும்புகள் பிரியா. அத்தகைய தாங்கி கிடையாதவிடத்து, இடப்புறத்தில் எஞ்சினுக்கும் சசிக்கும் இடையே தடித்த சங்கிலியோ வடமோ பூட்டலாம். அரை அங்குலமளவு தளர்ச்சி அதற்கு வேண்டும். இறுகப் பூட்டினால் றப்பர் இருந்தும் பயனில்லை. அதிர்வு சங்கிலி வழியே செல்லும். தொங்கத் தொங்க விட்டாலோ, எஞ்சின் எழுந்து அடித்த பின்னரே அது பிடிக்கும்.

மூன்று தாங்கிகளையும் ஒருங்கே மாற்றுதலே முறை. முன்னிரண்டை விறைப்பாக்கிக் கியர்ப்பெட்டியின் கீழுள்ள பழைய தாங்கியை அப்படியே விடுவோர் உளர். முன்பகுதி அசையாது நிற்க, பின்பகுதி ஊசலாட, வளைவு முழுவதும் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் அலுமினியக் கூட்டில் விழும். வெடித்த கூட்டின் விலையோடு நோக்கினால் பின்தாங்கியின் விலை ஒரு பொருட்டன்று. வில்லுகளை உயர்த்திய வண்டியில், புறொப்பெல்லர் தண்டின் சாய்வைக் குறைக்கவெனக் குறுக்குச் சட்டத்தைச் சிறிது இறக்குவதும் உண்டு. அவ்வாறு இறக்கினால் முன்தாங்கிகள் சாய்ந்து முறுகி நிற்கும். இதனை எத்துணை மெக்கானிக்மார் கவனிக்கின்றனர் என்பது ஐயமே.

சோதிக்கும் முறை எளிது. பொனட்டைத் திறந்து, கைப்பிறேக்கையும் கால்பிறேக்கையும் இறுகப் பிடித்து, முதற் கியரில் கிளச்சைச் சிறிது விட்டு எஞ்சினை முக்கச் செய்க. ஒருவர் பக்கவாட்டில் நின்று நோக்குதல் வேண்டும். வண்டிக்கு முன்னே நிற்றல் கூடவே கூடாது. நல்ல தாங்கி சிறிது சாய்ந்து திரும்பும். கிழிந்த தாங்கியில் எஞ்சின் எழும்பி, விட்டவுடன் ‘டொக்’ என விழும். பின்கியரிலும் இவ்வாறே சோதிக்க. மின்விசிறி றேடியேற்றர்க் கூண்டை உரசிய அடையாளமும், மேடு ஏறுகையில் கியர் தானே கழன்று போவதும் துணைச் சான்றுகள்.

மாற்றும்போது ஜக்கை எண்ணெய்த் தொட்டியின் மெல்லிய தகட்டில் நேரே கொடுக்காது, அகன்ற பலகை ஒன்றை இடையில் வைத்து எஞ்சினை மெல்ல உயர்த்துக. எல்லாப் போல்ட்டுக்களையும் முதலில் தளர்வாகவே பூட்டி, ஜக்கை இறக்கி, எஞ்சின் தன் இருக்கையில் அமர்ந்தபின், சிறிது நேரம் ஓய்வோட்டத்தில் ஓடவிட்டுப் பின்னரே இறுக்குதல் வேண்டும். முன்னதாக இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையிலேயே சிறைப்படும். புதிய தாங்கியும் சில மாதத்திற் பழையதாகும். றேடியேற்றர்க் குழாய், அக்சிலறேற்றர்க் கம்பி, சைலன்சர்க் குழாய் ஆகியன எஞ்சின் ஆடுவதற்கு இடங்கொடுக்கின்றனவா என்றும் பார்க்க. இறுதியாக ஒன்று. றப்பர் மின்னைக் கடத்தாது. எஞ்சினுக்கும் சசிக்கும் இடையேயுள்ள தடித்த மின்வடத்தைக் கழற்றியவர் மீளப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டரின் பெருமின்னோட்டம் மெல்லிய அக்சிலறேற்றர்க் கம்பியின் உறை வழியே செல்ல முயன்று அதனைச் சுட்டெரிக்கும். சாவியைத் திருப்புமுன் அவ்வடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுக.