இடித்துச் சீராக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்

சிங்கப்பூரின் பூன் லேயில் பெரும்பாலோர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில். ஓர் அறை கூடுதலாகத் தேவைப்பட்டால் அவர்களுக்கும் தரைவீட்டுக்காரர்களுக்கும் முன்னால் நிற்பவை ஏறக்குறைய ஒரே வழிகள்: அனுமதி வாங்கிச் செய்வது, சத்தமில்லாமல் செய்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்வது, இடிக்காமல் சமாளிப்பது, பெரிய வீட்டுக்கு மாறுவது. குத்தகையாளர் சொல்லும் தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வழிதான் மலிவு. ஆனால் செய்ததை இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால்தான் அது முழுக் கணக்கு. அப்படிக் கணக்கிட்டால் நான்கிலும் அதிக விலை பிடிக்கக்கூடியது அந்த வழிதான்.

தரைவீட்டில் சேர்த்துக் கட்ட நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்ட அனுமதி வேண்டும். சிறு வேலைகள் சிலவற்றுக்குத்தான் விலக்கு. தூண், உத்தரம் சம்பந்தப்பட்ட வேலைக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் தனி. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாகிவிடாது. திட்ட அனுமதி இல்லாமல் கட்டினால் 200,000 வெள்ளி வரை அபராதம். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வெள்ளி வரை மேலும் ஏறும். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதையும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற தளப்பரப்பில் பாதிக்கு மேல் கூடினால், அது கூடுதல் வேலை என்ற நிலையைத் தாண்டி மறுகட்டுமானமாகிவிடும்.

வீவக வீட்டில் வெளியே நீட்ட இடமில்லை. கேள்வி எல்லாம் உள்சுவரைப் பற்றித்தான். சுவரை உடைக்க வீவக அனுமதியும் அதன் பட்டியலில் உள்ள குத்தகையாளரும் தேவை. அந்தக் குத்தகையாளரே இணையத்தில் விண்ணப்பித்துவிடுவார் என்பதால், அனுமதி பெரிய அலைச்சல் என்ற பேச்சு இங்கு எடுபடாது. பாரம் தாங்கும் சுவரையும் தூணையும் தொடவே கூடாது. புதிய வீடுகளின் காப்பறைச் சுவருக்கும் அதே விதிதான். புது வீட்டின் குளியலறைத் தரை ஓட்டை மூன்று ஆண்டுகளுக்கு மாற்றக்கூடாது என்ற விதி சிலருக்கு வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டைக் கொத்தும்போது அதன் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் சேர்ந்து பெயரும். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் ஈரம் படரும்.

“என் வீடு, என் பணம், ஆபத்து எங்கே?” என்று கேட்பவர்கள் சிராங்கூன் சாலையில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 1986 மார்ச் 15 அன்று அங்கே ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்டு ஒரு நிமிடத்திற்குள் சரிந்தது. 33 பேர் மாண்டனர். விசாரணையில் கண்டறிந்த மூல காரணம் வடிவமைப்புப் பிழை: கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அப்படியானால் பின்னால் சேர்த்தவற்றின் மீது ஏன் பழி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த தூண்கள்மீதுதான் வங்கியின் பெட்டக அறை, கூரைமேல் குளிரூட்டும் சாதனம், வெளிச்சுவர் ஓடுகள் என ஒவ்வொன்றாக எடை ஏறியது. ஒரு தூண் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது உள்ளே குடியிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பொறியாளர் கணக்குப் போட்டால்தான் தெரியும். அந்த விபத்துக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், வரைந்தவரின் கணக்கை வேறொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றது இதனால்தான்.

“பக்கத்து வீட்டுக்காரர் கட்டிப் பல வருடமாகிவிட்டது, யாரும் கேட்கவில்லையே” என்பது அடுத்த வாதம். வருடங்கள் கடந்ததால் மட்டும் அனுமதி வந்துவிடாது. தமிழ்நாட்டில் 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்த வழி செய்தார்கள். அந்தப் பழக்கத்தை நம்பி இங்கே கட்டுவது தவறான கணக்கு. சிங்கப்பூரில் பின்னால் விண்ணப்பித்தாலும் அதே விதிகளை வைத்துத்தான் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் இடிக்க வேண்டியதுதான். வீவக வீட்டை மறுவிற்பனை செய்யும்போது அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், அங்கீகாரமற்ற மாற்றம் அப்போது வெளிப்படும்.

ஆகவே சில ஆண்டுகளுக்கு மட்டும் இடம் தேவை என்றால், கழற்றி எடுக்கக்கூடிய அலமாரியாலும் திரையாலும் அறையைப் பிரிப்பதே போதும். தேவை நிரந்தரம், வேலையும் விதிக்குள் அடங்குகிறது என்றால் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். அடங்காவிட்டால் வீடு மாறுவதே மேல். ஏற்கெனவே சுவர் உடைத்த வீட்டை வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்னரே அந்த வேலைக்கான அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.