உப்புக்காற்றில் சுழலும் உருளை

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வீடு. அரைக் கிலோ காப்பிக்கொட்டை வறுக்க உருளை செய்திருக்கிறேன். அதைச் சுற்ற என்ன மோட்டார் வாங்கலாம்?

பழைய மிக்ஸி மோட்டார் வேண்டவே வேண்டாம். அந்த வேகத்தில் கொட்டை உருளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் கருகும். நிமிடத்துக்கு 50 சுற்று போதும். ஆனால் இழுவை வேண்டும். கார் வைப்பர் மோட்டார் வாங்குங்கள். 12 வோல்ட், பல்சக்கரம் உள்ளேயே இருக்கிறது, பழைய உதிரிபாகக் கடையில் கிடைக்கும். 10 ஆம்பியர் பவர் சப்ளை கொடுங்கள். அடுப்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, நீளத் தண்டில் இணையுங்கள். சூடேறினால் உள்ளிருக்கும் கிரீஸ் இளகிவிடும். உங்கள் ஊர்க் காற்றுக்கு வயர் முனைகளில் வாசலின் தடவுவது அவசியம். வறுத்து முடித்ததும் மோட்டாரைக் கழற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். உருளை எவர்சில்வர்தானே? வெறும் இரும்பென்றால் ஐப்பசி மழைக்குள் துருவேறிவிடும், மாற்றிவிடுங்கள்.