பரிசுப் பெட்டியை முதல்ல யார் பிரிக்கணும்?

ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு ஆன்லைன்ல ஏதோ ஆர்டர் போடப்போறேன்னு சொன்னியே தங்கச்சி, பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி அக்கா பட்ட கதையைக் கேட்டுக்கோ.

போன தை மாசம் கும்பகோணத்துல மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கலை. சரி, பரிசாவது போகட்டும்னு சென்னையில இருந்தபடியே ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கை ஆர்டர் போட்டு, நேரா அத்தை வீட்டுக்கே அனுப்பிட்டேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அந்த ஊர் அத்தை வீட்டுல இருந்து பஸ்ஸுல போற தூரம். கும்பகோணத்துக்குக் குத்துவிளக்கை கூரியர்ல அனுப்பின புத்திசாலி உன் அக்காதான்!

மூணு வாரம் கழிச்சு, பேச்சோட பேச்சா அத்தை கேட்டாங்க: "ஏண்டி, ஒத்த விளக்கா அனுப்பினே?" பெட்டியில ஒண்ணுதான் இருந்திருக்கு. அப்பவே ஏன் சொல்லலைன்னா, "ஆசையா அனுப்பின பொண்ணுகிட்ட குறை சொல்வாங்களா?"ங்கிறாங்க. ரிட்டர்னுக்குக் கொடுத்த 7 நாள் எப்பவோ ஓடிப்போச்சு. பெட்டி பழைய பேப்பர்காரர் வண்டியில ஏறிப்போச்சு. சாட்ல வந்தவங்க "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு நாலு தடவை வருந்திட்டு, பெட்டியைப் பிரிச்ச வீடியோ கேட்டாங்க. அத்தை வீடியோவுக்கு எங்கே போவாங்க?

நமக்குன்னு வாங்கினா, வந்த நிமிஷமே பிரிச்சுப் பார்த்துடுவோம். பரிசு அப்படி இல்லை. காசு கட்டினவ ஒரு ஊர், பெட்டி இன்னொரு ஊர். டெலிவரி ஆனதுமே ரிட்டர்ன் நாள் ஓட ஆரம்பிச்சிடும். பெட்டியோ விசேஷத்தன்னைக்குத்தான் திறக்கும். குறை தெரியுறதுக்குள்ள கெடு முடிஞ்சிடும். இந்தச் சந்துலதான் நாம மாட்டிக்கிறோம். அதனால நான் சொல்ற எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: பரிசுப் பெட்டியை முதல்ல பிரிக்க வேண்டியது நீ.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி

* படத்தை நம்பாதே, எண்ணிக்கையைப் படி. படத்துல ஆறு கிண்ணம் இருக்கும். கீழே விவரத்துல '1'னு இருக்கும். பேக் பண்ணின பொருளுக்கு நிகர அளவு, எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் விவரம் எல்லாம் தளத்துலயே காட்டணும்னு சட்டமுறை எடையளவு விதிகள் சொல்லுது. அது இல்லாத பொருளைத் தாண்டிப் போயிடு.

* விற்கிறது யாருன்னு பாரு. பெரிய தளத்துல வாங்கினாலும் விற்கிறது பெரும்பாலும் வேற ஒரு கடைதான். 2020 மின்வணிக விதிகள்படி அந்தக் கடையோட பேரு, முகவரி, கஸ்டமர் கேர் விவரம் எல்லாம் தளத்துல தெரியணும். குறைதீர் அதிகாரியோட பேரும் தொடர்பு விவரமும் போட்டிருக்கணும். பக்கத்தோட அடியில, சின்ன எழுத்துல இருக்கும், தேடிப் பிடி.

* அந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் உண்டான்னு பாரு. ஒரே தளத்துல புடவைக்கு ஒரு கெடு, மிக்ஸிக்கு ஒரு கெடு. பேரு பொறிச்ச பொருளையும் போட்டோ பதிச்ச பொருளையும் பொதுவா திருப்பி எடுக்க மாட்டாங்க. ஆனா 'கவிதா'ன்னு நீ கொடுத்ததை அவங்க 'கவிதை'ன்னு பொறிச்சு அனுப்பினா, தப்பு அவங்களுடையது. மாத்திக் கொடுன்னு தாராளமா கேட்கலாம். அதுக்குத்தான் நீ அடிச்ச பேரை ஆர்டர் பண்ணும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கணும்.

* டிக் போட்ட கட்டங்களைப் பாரு. கிஃப்ட் பேக்கிங், நன்கொடை, இன்சூரன்ஸ்னு நீ கேட்காதது கூடையில உட்கார்ந்திருக்கும். 2023 நவம்பர்ல மத்திய அரசு 13 வகை ஏமாத்து உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணிச்சு. கேட்காமலே கூடையில சேர்க்கிறது அதுல ஒண்ணு. "இன்னும் 2 பீஸ்தான் இருக்கு"ன்னு பொய்யா அவசரப்படுத்துறதும் அதுல உண்டு.

* நாலு ஸ்கிரீன்ஷாட். பொருளோட படம், விவரம், ரிட்டர்ன் விதி, டெலிவரி தேதி. பின்னாடி விற்கிறவங்க அந்தப் பக்கத்தையே மாத்திடுவாங்க.

யார் அட்ரஸ் போடுறது?

உன் அட்ரஸ்தான். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னாடியே வர்ற மாதிரி ஆர்டர் போடு. வந்ததும் பிரி, எண்ணு, கரென்ட் சாமான்னா ஒரு தடவை ஓட்டிப் பாரு. அப்புறம் நீயே கலர் பேப்பர் சுத்து. தளத்துக்காரங்க சுத்திக் கொடுக்கிற பேக்கிங்குக்குத் தனியா காசும் வாங்குவாங்க, உள்ளே என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது.

வெளியூர், வேற வழியே இல்லைன்னா, அந்த வீட்டுல ஒரு விவரமான ஆளைப் பிடிச்சு வெச்சுக்கோ. எங்க அத்தை வீட்டுல பேரன் இருந்தான். அவனைக் கேட்கணும்னு எனக்குத் தோணலை. டெலிவரி ஓ.டி.பி. உன் ஃபோனுக்கு வந்தா, பெட்டி அவங்க கைக்கு வந்துடுச்சுன்னு கேட்டுக்கிட்ட பிறகுதான் சொல்லு. ஓ.டி.பி. கொடுத்தா டெலிவரி ஆயிடுச்சுன்னு நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி.

பெட்டி வந்ததும்

கத்தரிக்கோலை எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபோனை எடு. ஆறு பக்கமும் காட்டி, ஒட்டியிருக்கிற லேபிளை நிதானமா படம் பிடிச்சு, அப்படியே நிறுத்தாம பிரிச்சுக் காட்டு. ரெண்டு நிமிஷ வேலை. ரிட்டர்ன் நாள் முடியுற வரைக்கும் பெட்டியையும் பில்லையும் பரண்ல போட்டு வை.

கேக், பூ, ஸ்வீட்னா திருப்பி அனுப்புற பேச்சே இல்லை. நசுங்கியோ கெட்டோ வந்தா அந்த நிமிஷமே படம் எடுத்துப் புகார் போடணும்; மறுநாள் போட்டா யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

சொன்ன தேதிக்கு வராம பிறந்தநாள் முடிஞ்சு வந்தா? உடைஞ்சது, வேற பொருள், சொன்ன தரம் இல்லாததுங்கிறது மாதிரியே, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்ததையும் திருப்பி எடுக்க மாட்டேன்னு விற்கிறவங்க சொல்லக்கூடாது. 2020 விதிகள்ல இருக்கு. வெள்ளம், புயல் மாதிரி யார் கையிலயும் இல்லாத காரணத்துக்கு மட்டும்தான் விலக்கு.

படிப்படியா புகார்

1. ஆப்லயே புகார் போடு. ஃபோன்ல பேசினதுக்கு உன் கையில ஒண்ணும் மிஞ்சாது. டிக்கெட் நம்பர் கொடுக்க வேண்டியது தளத்தோட கடமை, கேட்டு வாங்கு. சாட்டை மூடுறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடு.

2. சுருக்கமா எழுது. ஆர்டர் நம்பர், வர வேண்டியது என்ன, வந்தது என்ன, உனக்கு என்ன வேணும். இந்த நாலு போதும். எதிர்ல இருக்கிறது ஷிஃப்டுல உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு பொண்ணு. விளக்கைத் தொலைச்சது அவ இல்லை. திட்டினா உன் ரத்த அழுத்தம்தான் ஏறும்.

3. குறைதீர் அதிகாரிக்கு மெயில். 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். மெயில்லயே இந்த ரெண்டு கெடுவையும் குறிப்பிடு. விவரம் தெரிஞ்சவன்னு புரிஞ்சுப்பாங்க.

4. 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயும் பேசலாம். அவங்க உன் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவாங்க. தீர்ப்பு சொல்ற அதிகாரம் கிடையாது. நிறைய விஷயம் இங்கேயே முடிஞ்சிடும்.

5. மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நீ குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த வசதி இது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கின பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

கோபத்துல கூகுள் பண்ணாதே

கோபத்துல இருக்கும்போது நாம செய்யற முதல் காரியம், கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுறது. திருடனுங்க அங்கேதான் போலி நம்பரைப் போட்டு வெச்சுட்டுக் காத்திருக்கானுங்க. நம்பரை ஆப்புக்குள்ள இருந்து மட்டும் எடு. "ரீஃபண்ட் அனுப்பறேன், இந்த ஆப்பை இறக்குங்க, யு.பி.ஐ. பின் போடுங்க"ன்னு எவன் சொன்னாலும் கட் பண்ணிடு. நமக்குப் பணம் வர்றதுக்குப் பின் போடவே வேண்டாம். பின் போட்டா நம்ம பணம்தான் போகும். போயிட்டா, அழுதுட்டு நிக்காம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு.

பரிசு வாங்கினவங்களுக்கும் ஒண்ணு

அனுப்பும்போதே சொல்லிடு: "வந்ததும் பிரிச்சுப் பாருங்க, ஏதாவது குறைன்னா உடனே சொல்லுங்க. குறை கடைக்காரன் மேலதான், என் மேல இல்லை." இந்த ஒரு வார்த்தையை நான் அத்தைகிட்ட சொல்லியிருந்தா, மூணு வாரம் அவங்க மனசுக்குள்ள அடக்கி வெச்சிருக்க மாட்டாங்க. உனக்கு யாராவது அனுப்பினாலும் இதே கதைதான்; மரியாதைன்னு நினைச்சு மறைச்சா, அனுப்பினவங்க காசுதான் வீண்.

விளக்கு என்ன ஆச்சுன்னு கேட்கிறியா? பேரன் அன்னைக்கு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல "பார்சல் வந்துடுச்சு"ன்னு பெட்டியைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். பெரிசாக்கிப் பார்த்தா லேபிள்ல எடை தெரிஞ்சுது. ரெண்டு விளக்குக்குத் தளத்துல சொன்ன எடையில கிட்டத்தட்ட பாதிதான். அந்தப் படத்தையும் பில்லையும் சேர்த்துக் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். பதினோரு நாள்ல பாதிப் பணம் திரும்பி வந்துச்சு.

அந்தக் காசோட கொஞ்சம் போட்டு, அத்தையே நாச்சியார்கோவில் போய் இன்னொரு விளக்கு வாங்கிட்டு வந்தாங்க. ஒரு அங்குலம் உயரம் கூட. பூஜை அறையில ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிக்குது. இப்போ எங்க வீட்டுல இருந்து என்ன போனாலும், "நல்லா இருக்கியா"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி அத்தை சொல்ற வார்த்தை இதுதான்: "பிரிச்சுட்டேன்டி, எண்ணிட்டேன், எல்லாம் சரியா இருக்கு."