விட்டுக்கொடுப்பதும் காட்டிக்கொடுப்பதும்

காணி வழக்கொன்றுக்காகச் சகோதரர் இருவர் நீதிமன்ற வாசலில் நிற்கின்றனர். "ஏன் இந்த அலைச்சல்? இரண்டு பேரும் ஒரு கொம்ப்ரமைஸுக்கு வாங்கோவன்" என்கிறார் சட்டத்தரணி. நல்ல புத்திமதி என்று அருகில் நிற்பவர்கள் தலையசைக்கின்றனர். அதே வாசலில் வேறு இருவர் ஓர் உத்தியோகத்தரைப் பற்றிக் கதைத்துக்கொள்கின்றனர். "நேர்மையான மனிசன்தான். ஆனால் மேலிடத்துக்குப் பயந்து கொம்ப்ரமைஸ் பண்ணிப்போட்டார்." இங்கே அதே சொல் பழிச்சொல்லாகி விடுகிறது.

ஒரே சொல் ஓரிடத்தில் புண்ணியம் போலவும் இன்னோரிடத்தில் பாவம் போலவும் ஒலிப்பது எப்படி? இது அகராதி பார்ப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. "தம்பிக்கு விட்டுக்கொடு" என்று பிள்ளைக்குச் சொல்கின்ற நாமே, "கொள்கையை விட்டுக்கொடாதே" என்றும் சொல்கின்றோம். எதை விடலாம், எதை விடலாகாது என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றோமா? அதற்கு முன் நாம் தெளிந்திருக்கின்றோமா?

சொல் பிறந்த இடம்

கொம்ப்ரமைஸ் என்பது ஆங்கிலத்துக்கு இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'கொம்' என்பது 'சேர்ந்து' என்றும், 'ப்ரோமித்தேரே' என்பது 'வாக்களித்தல்' என்றும் பொருள்படும். ஆகவே இச்சொல்லின் வேர்ப்பொருள் 'ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு' என்பதே. பழைய உரோமைச் சட்டத்தில், வழக்காளிகள் இருவர் தங்கள் பிணக்கை ஒரு நடுவரிடம் ஒப்படைத்து, "அவர் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம், மீறினால் தண்டப் பணம் கட்டுவோம்" என்று ஒருவருக்கொருவர் உறுதி கொடுப்பர். அந்த உறுதிக்கே இப்பெயர் வழங்கிற்று.

திருச்சபையின் வரலாற்றிலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. 1268ஆம் ஆண்டு பாப்பரசர் நான்காம் கிளமென்ற் இறந்தபின், விற்றர்போ நகரில் கூடிய கர்தினால்மார் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உடன்பாடு காண முடியாதிருந்தனர். ஈற்றில் தெரிவு செய்யும் பொறுப்பைத் தங்களுள் ஆறு பேரிடம் ஒப்படைத்தனர். 1271ஆம் ஆண்டு அந்த அறுவர் தெரிந்தவரே பாப்பரசர் பத்தாம் கிறகரி. இவ்வாறு சிலரிடம் ஒப்படைத்துத் தெரிவு செய்யும் முறைக்குக் கொம்ப்ரமைஸ் முறை என்றே பெயர். 1996ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இம்முறையை நீக்கினார்.

காலப்போக்கில் ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள் விரிந்தது. இரு தரத்தாரும் சிறிது சிறிது இறங்கிவந்து காணும் உடன்பாடு என்பது ஒரு பொருள். நற்பெயரை, பாதுகாப்பை, மனச்சாட்சியை ஆபத்துக்குள்ளாக்குதல் என்பது மற்றப் பொருள். கலவையில் சீமெந்தைக் குறைத்துப் பாலம் கட்டினால், அதன் உறுதி கொம்ப்ரமைஸ் ஆகிவிட்டது என்பர். அங்கே உடன்பாடு எதுவுமில்லை, உள்ளதெல்லாம் பலவீனமே.

நம் மொழியில்

தமிழிலே இதற்குச் சொற்கள் பல. சமரசம் என்ற சொல் அடியில் சமமான தன்மையைக் குறிப்பது. இராமலிங்க அடிகளார் அச்சொல்லை ஆண்டபோது சமத்துவத்தையும் ஒருமையையுமே நினைத்தார். இணக்கம் என்பது மனம் பொருந்தி வருதல். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் அமைந்த சபைகள் இணக்க சபைகள் எனப்பட்டன. பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. மத்தியஸ்தர் தீர்ப்பைத் திணிப்பதில்லை. இரு தரத்தாரும் தாமாக இணங்குவதற்கு வழி காட்டுகின்றனர்.

ஆயினும் வீட்டிலே நம் வாயில் வருவது 'விட்டுக்கொடுத்தல்' என்ற சொல்லே. இதற்கும் இரு முகங்கள் உண்டு என்பதைக் கவனித்தீர்களா? "வேலிச் சண்டையில் அண்ணன் விட்டுக்கொடுத்தார்" என்றால் அது புகழ்ச்சி. "ஊரே குறை சொன்னபோதும் தாய் தன் மகனை விட்டுக்கொடுக்கவில்லை" என்றால் அதுவும் புகழ்ச்சி. முதல் வசனத்தில் விட்டது பொருளை. இரண்டாவதில் விடாதது ஆளை. ஆளை விட்டுவிட்டால் அது விட்டுக்கொடுத்தல் அன்று, காட்டிக்கொடுத்தல். நம் கேள்விக்கு விடை இந்த இரு வசனங்களிலேயே அடங்கியிருக்கின்றது.

வேதாகமம் காட்டும் வழி

ஆபிரகாமுடைய மேய்ப்பர்களுக்கும் அவர் சகோதரன் மகன் லோத்துவின் மேய்ப்பர்களுக்கும் சண்டை மூண்டது. மூத்தவராகிய ஆபிரகாம் முதலில் தெரிவு செய்திருக்கலாம். ஆனால் அவர் அந்த உரிமையை இளையவனுக்குக் கொடுத்தார். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். பின்னர் அரசர்கள் போரிட்டு லோத்துவைச் சிறைப்பிடித்துச் சென்றபோது, ஆபிரகாம் தம் வீட்டு ஆட்கள் 318 பேரோடு துரத்திச் சென்று அவனை மீட்டார். நிலத்தை லோத்துவுக்கு விட்டுக்கொடுத்தார், லோத்துவை விட்டுக்கொடுக்கவில்லை. நிலம் அவருடையது. லோத்துவின் உயிரோ அவர் கொடுத்துவிடக்கூடிய பொருளன்று.

புனித சின்னப்பரையும் பாருங்கள். லீஸ்திராவில் திமோத்தேயுவைத் தம்மோடு சேர்த்துக்கொண்டபோது, அவ்விடத்து யூதரை முன்னிட்டு அவருக்கு விருத்தசேதனம் செய்வித்தார் என்று அப்போஸ்தலர் பணி கூறுகின்றது. ஆனால் யெருசலேமில், கிரேக்கராகிய தீத்துவுக்கும் அதைச் செய்தே ஆகவேண்டும் என்று சிலர் நெருக்கியபோது, ஒரு கணமும் இணங்கவில்லை என்று கலாத்தியருக்கு அவரே எழுதுகின்றார். செயல் ஒன்று, முடிவு இரண்டு. இது தடுமாற்றமா? இல்லை. முதலாவதில் விட்டது தம் வசதியை; மற்றவர்கள் நற்செய்தியைக் கேட்க வேண்டும் என்பதற்காக விட்டார். இரண்டாவதில் கேட்கப்பட்டது நற்செய்தியின் உண்மையை. அது அவருடைய சொத்தன்று.

மக்கபே இரண்டாம் ஆகமத்தில் வரும் எலெயாசார் தொண்ணூறு வயதுக் கிழவர். பன்றி இறைச்சியை உண்ணும்படி அவரைக் கட்டாயப்படுத்தினர். பழகிய நண்பர்கள் இரக்கப்பட்டு, "உமக்கு ஆகுமான இறைச்சியையே கொண்டுவாரும், அரசன் சொன்னதை உண்பது போலப் பாசாங்கு செய்தால் போதும்" என்ற கருத்துப்பட இரகசியமாக ஒரு வழி சொல்லினர். கட்டளை மீறப்படாது, உயிரும் தப்பும். ஆயினும் அவர் மறுத்துவிட்டார். இளைஞர்கள் ஏமாந்து வழிதவறுவார்களே என்பதே அவர் கவலை. அவர் விடமறுத்தது ஒரு துண்டு இறைச்சி பற்றிய விதியை மட்டுமன்று, தம்மைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளை.

நம் வீட்டில்

அன்பான பெற்றோரே, இவ்வளவும் நம் முற்றத்துக்கு வராவிட்டால் பயனில்லை. வேலிக் கதியால் அரை முழம் தள்ளி நிற்கின்றதா? கிணற்றில் யார் முதலில் இறைப்பது? கலியாண வீட்டில் யாருக்கு முதல் மரியாதை? இவையெல்லாம் நம்முடையவை. நம்முடைய நிலம், நம்முடைய முறை, நம்முடைய கௌரவம். விடலாம், விட்டால் நாம் குறைந்துபோவதில்லை. ஆனால் இவற்றுக்காகத்தான் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வழக்காடுகின்றோம்.

விடக்கூடாததையோ எளிதில் விட்டுவிடுகின்றோம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடமிருந்து மகள் தாய்வீட்டுக்கு ஓடிவருகின்றாள். "அனுசரித்துப் போ பிள்ளை, குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்" என்று மறுநாளே திருப்பி அனுப்புகின்றோம். இங்கே எதை விட்டுக்கொடுத்தோம்? நம்முடைய பொருளையா? இல்லை. அவளுடைய உடலையும் உயிரையும். நாம் காத்துக்கொண்டது ஊர் வாயிலிருந்து நம் மானத்தை. அத்தோடு, கொம்ப்ரமைஸ் என்றால் இருவரும் கொடுக்கும் வாக்கு என்று கண்டோமே. அவன் என்ன வாக்குக் கொடுத்தான்? ஒருவர் மட்டும் இறங்குவதற்கு உடன்பாடு என்று பெயரில்லை.

"எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே இல்லை" என்று பெருமைப்படும் வீடுகளிலும் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லோரும் சிறிது சிறிது விட்டதனால் வந்த அமைதியா? அல்லது ஒரே ஆள், பெரும்பாலும் தாய், எல்லாவற்றையும் விட்டதனால் வந்த மௌனமா? முன்னது சமாதானம். பின்னது அப்பெயரைக் கடன் வாங்கியிருக்கின்றது.

நீதிமன்ற வாசலில் நின்ற சகோதரருக்குச் சட்டத்தரணி சொன்னது சரி. காணி அவர்களுடையது, விடலாம். அந்த உத்தியோகத்தர் விட்டதோ பொதுமக்களின் நியாயம், அது அவருடையதன்று.

குடும்பமாகச் சிந்திக்க

1. நான் விட்டுக்கொடுக்கப் போவது என்னுடையதா, இன்னொருவருடையதா?

2. இரு தரத்தாரும் வாக்குக் கொடுத்திருக்கின்றோமா, அல்லது ஒருவர் மட்டும் இறங்கியிருக்கின்றாரா?

3. இந்த உடன்பாட்டினால், இங்கே பேச இடமில்லாத யாராவது துன்பப்படுவார்களா?

இன்று இரவு செபத்துக்குப் பின் இக்கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து பேசிப் பாருங்கள். பதில் சொல்லும் முறை முதலில் வீட்டில் மிகக் குறைவாகப் பேசுபவருக்கு இருக்கட்டும்.